மூட்டைக்கு 24.42 கிலோ

8 மே 2023, திங்கள்

காலை 9.40. புது ஷெட்டில் மூட்டைகள் 412. இரண்டு முறை எண்ணினேன், இரண்டு முறையும் 412. ஸ்டாக் புத்தகத்திலும் 412. ஆக, மூட்டை எதுவும் தொலையவில்லை. மூட்டைக்குள் இருக்க வேண்டியதுதான் குறைகிறது.

எதற்கு எண்ணினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீரை வாங்கி எங்கள் கம்பெனி எப்சம் உப்பு தயாரிக்கிறது. மெக்னீசியம் சல்பேட், உரத்துக்குப் போகும் சரக்கு. மார்ச் கடைசி வாரம் மூட்டைக்குச் சரியாக 50 கிலோ எடை போட்டுத் தைத்தோம். இந்த முறை உள்ளே பிளாஸ்டிக் பை கிடையாது, வெறும் சாக்கு. பழைய குடோனில் இடமில்லாததால் தகரக் கூரை போட்ட புது ஷெட்டில் அடுக்கினோம். போன வாரம் அதிலிருந்து நூறு மூட்டை கோயம்புத்தூர் உரக் கம்பெனிக்குப் போனது. மூட்டைக்கு ஒரு கிலோவுக்கு மேல் குறைகிறது என்று அங்கிருந்து போனில் கத்தினார்கள்.

முதலாளி தங்கமாரியப்பன் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"இசக்கி, நீ படிச்சவன். லேப்பு ஒன் கையில இருக்கு. எவன் கை வச்சான்னு ரெண்டு நாள்ல சொல்லு."

லேப் கெமிஸ்டுக்கும் திருடனைப் பிடிப்பதற்கும் என்ன சம்பந்தம்? கேட்கவில்லை. இந்த மாதக் கடைசியில் என் வேலையை நிரந்தரமாக்க வேண்டியவர் அவர்.

9 மே, செவ்வாய்

412 மூட்டையும் எடை போட்டாயிற்று. காலை ஏழு மணிக்குத் தொடங்கி, முடிக்க மாலை நாலரை. முதலில் இருபது கிலோ படிக்கல்லை வைத்துத் தராசைச் சோதித்தேன். தராசு சரி. சாக்கு எடை கழித்து மொத்தம் 20,064 கிலோ. இருக்க வேண்டியது 20,600. குறைவு 536 கிலோ.

ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அடி வரிசை மூட்டைகளில் குறைவு இல்லை என்றே சொல்லலாம்: 49.80, 49.75. மேலே போகப் போக இறங்குகிறது. கூரையை ஒட்டிய வரிசையில் ஒரு மூட்டை 47.12. திருடன் சோம்பேறி. அடியில் இருப்பதை உருவ உடம்பு வளையாமல், மேலே இருப்பதிலேயே கை வைத்திருக்கிறான்.

இதைச் சொன்னதும் லோடுமேன் சுடலைமணி அண்ணன் சிரித்துவிட்டார்.

"சார், ஒவ்வொரு மூட்டையிலயும் ஒரு கிலோ ரெண்டு கிலோன்னு அள்ளி, திருப்பித் தச்சு, அடுக்கு கலையாம வச்சிருக்கான்னா, அவனுக்கு நம்ம கம்பெனியிலயே வேல போட்டுக் குடுக்கலாம். இங்க எவன் இப்படி உழைக்கான்?"

"வேலையப் பாருங்கண்ணே."

மேல் வரிசை மூட்டைகளைத் தட்டினால் வெள்ளையாக மாவு பறக்கிறது. சட்டை முழுக்க அப்பிக்கொண்டது. ஷெட்டை ஒழுங்காகப் பெருக்குவதில்லை.

ஷெட் சாவி ஒரே ஆளிடம்தான் இருக்கிறது. குடோன் பொறுப்பு சகாயராணி. பதினோரு வருடமாக இங்கே இருக்கிறாள். மூட்டை தைக்கும் கை மெஷினும் அவள் பொறுப்பு. அவள் வீட்டுக்காரர் செடி உரம் பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார் என்று ஆபீசில் சொன்னார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

கேட்டதற்கு அவள் சொன்னது: "காஞ்சு போயிருக்கும்லா சார். இந்த வெக்கையில மனுசனே காஞ்சு கருவாடாப் போறான்."

"யக்கா, இதென்ன மாங்கா வத்தலா? சரக்கு ட்ரையர்ல போய் வந்துதான் மூட்டைக்கே வருது. கையில எடுத்துப் பாருங்க. ஈரம் இருக்கா?"

"இல்ல."

"இல்லாத ஈரம் எப்படிக் காயும்?"

அவள் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

10 மே, புதன்

உள்ளதைச் சொல்ல வேண்டும். எப்சம் உப்பில் ஈரம் இல்லை, ஆனால் தண்ணீர் இருக்கிறது. ஒவ்வொரு மெக்னீசியம் சல்பேட்டும் ஏழு நீர் மூலக்கூறுகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் படிகமாகிறது. உப்பு 120.37, ஏழு தண்ணீர் 126.11, ஆக மொத்தம் 246.48. பாதிக்கு மேல் தண்ணீர். தொட்டால் கை நனையாது. அந்தத் தண்ணீர் போயிருந்தால் சூடாக்கும்போது தெரிந்துவிடும். அவள் பேச்சை முடித்து வைக்க அதையும் செய்து பார்த்தேன்.

ஐந்து மூட்டையில் மாதிரி எடுத்தேன். ஏணி தேடிக்கொண்டிருக்க நேரமில்லை, கைக்கு எட்டிய வரிசையிலேயே எடுத்தேன். மாதிரிக் குழலை மூட்டையின் நட்ட நடுவில் இறக்கினேன். ஓரத்தில் இருப்பது காற்றும் தூசியும் பட்டது, அதைத் தள்ளிவிட்டு நடுவிலிருந்து எடு என்பதுதான் முதல் வருட லேபிலிருந்து எங்கள் மண்டையில் ஏற்றிய பாடம். வந்தவை அருமையான படிகங்கள். கண்ணாடித் துண்டு மாதிரி.

குரூசிபிள் என்கிற சின்னப் பீங்கான் கிண்ணத்தில் போட்டுச் சூடாக்கினேன். எத்தனை தடவை பார்த்தாலும் இது ஒரு ஆச்சரியம்தான். காய்ந்த கல் முதலில் ஓரத்தில் கலங்கும். பிறகு தனக்குள் இருந்த தண்ணீரிலேயே தான் கரைந்து, குளமாகி, கொதிக்கும். மேலே கண்ணாடித் தட்டைப் பிடித்தால் முத்து முத்தாகத் தண்ணீர் கோக்கும். வெளியிலிருந்து ஒரு சொட்டு ஊற்றவில்லை. கல்லுக்குள் இத்தனையும் எங்கே உட்கார்ந்திருந்தது? காரணம் எனக்குத் தெரியும், படம் போட்டுக் காட்டுவேன். இருந்தும் தட்டைக் கீழே வைக்க மனம் வராமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.

தண்ணீர் போனபின் மிஞ்சிய வெள்ளைப் பொடிதான் நீரற்ற உப்பு. கணக்கு: படிகநீர் 51.1 சதவீதம். புத்தகத்தில் 51.16. ஏழும் அப்படியே இருக்கின்றன.

ரிப்போர்ட்டில் எழுதினேன்: "சரக்கின் படிகநீரில் குறைவில்லை. எடைக் குறைவுக்குச் சரக்கு அகற்றப்பட்டதே காரணம்." கையெழுத்து, சீல்.

11 மே, வியாழன்

சகாயராணியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மதியம் இரண்டு மணி, ஷிப்ட் மாறும் நேரம். கேட்டில் அவள் பையைக் கவிழ்த்தார்கள். சாப்பாட்டு டப்பா, குடை, ஜெபமாலை, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, ஒரு பஸ் டிக்கெட். உப்பு இல்லை. இரண்டு ஷிப்டும் நின்று பார்த்தது. எனக்கு லேபில் வேலை இருந்தது, நான் பார்க்கவில்லை.

திங்கள் காலை பத்து மணிக்கு அண்ணாச்சி போலீசில் புகார் கொடுக்கிறார். கூடவே என் ரிப்போர்ட்.

12 மே, வெள்ளி

கோயம்புத்தூர்க்காரர்கள் தங்கள் லேப் ரிப்போர்ட்டை அனுப்பியிருக்கிறார்கள். சரக்கின் தூய்மை 102.6 சதவீதமாம்! நூற்றுக்கு நூற்றிரண்டு மார்க் வாங்கிய உப்பு. இவர்களுக்கு யார் டிகிரி கொடுத்தது? பத்து மூட்டையை முழுசாகத் தரையில் கொட்டிக் கலந்து மாதிரி எடுத்தார்களாம். வேலையற்றவர்கள்.

பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை.

மாலை 6.15. சும்மா ஐம்பதை 1.026 ஆல் வகுத்துப் பார்த்தேன். 48.73. அவர்கள் நூறு மூட்டைக்குச் சொன்ன சராசரி எடை 48.7.

தற்செயலாக இருக்கும். இரவு 11.30. தூக்கம் வராமல் மறுபடி வகுத்தேன், அதே 48.73. வெயில்.

13 மே, சனி

காலை ஆறரைக்கே ஏணியோடு ஷெட்டுக்குப் போனேன். கூரையை ஒட்டிய அந்த 47.12 மூட்டையை இறக்கச் சொன்னேன்.

"இன்னும் யாரப் பிடிக்கணும் சார்?" என்றார் சுடலைமணி அண்ணன்.

தார்ப்பாயை விரித்து, சாக்கை நீளவாக்கில் கிழித்து, மூட்டையை முழுசாகக் கொட்டினோம்.

ஒரே மூட்டையிலிருந்து இரண்டு பொருள் விழுந்தது. சாக்கை ஒட்டி, நாலு பக்கமும் விரற்கடை கனத்துக்கு, கோலமாவு மாதிரி வெள்ளைப் பொடி. நட்ட நடுவில், கோழிக்குள் முட்டை இருக்கிற மாதிரி, கண்ணாடிப் படிகங்கள். நான் புதன்கிழமை மற்ற மூட்டைகளில் குழலை இறக்கியதும் இப்படி நடுவில்தான். ஓரத்தைத் தள்ளிவிட்டு எடு என்று படித்தேன், தள்ளிவிட்டேன். நடந்ததெல்லாம் ஓரத்தில் நடந்திருக்கிறது.

மதியம் இரண்டு மணிக்கு ஷெட்டின் மேல் வரிசையில் தெர்மாமீட்டரை வைத்தேன். 54 டிகிரி. வெளியே மேற்கிலிருந்து வறண்ட மேல்காற்று சுழற்றி அடிக்கிறது, நாக்கில் எச்சில் ஊறவில்லை. இந்த உப்பு ஐம்பது டிகிரிக்குப் பக்கத்திலேயே ஒரு தண்ணீரை உதறத் தொடங்கிவிடும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

கொட்டியதை நன்றாகக் கலந்து, குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி குவித்து, மறுபடி பிரித்து ஒரு கைப்பிடி மாதிரிக்கு வந்தேன். இதற்கே ஒன்றரை மணி நேரம். 5 கிராம் எடுத்து உலையில் வைத்து நேரே முந்நூறு டிகிரிக்குத் தட்டிவிட்டேன். அவசரம். உள்ளே கொதித்துத் தெறித்து, பாதி உப்பு உலைச் சுவரில் ஒட்டிக்கொண்டது. மாதிரி வீண். மறுபடி முதலிலிருந்து. இந்த முறை மெதுவாக ஏற்றினேன். இந்த உப்பு என் அவசரத்துக்கு வராது. ஆறு தண்ணீர் சுலபமாகப் போய்விடும். கடைசித் தண்ணீர் இருநூறு டிகிரி தாண்டினாலும் விடாது.

இதற்கிடையில் அண்ணாச்சிக்குப் போன் பண்ணினேன்.

"அண்ணாச்சி, புகார் குடுக்குறத ரெண்டு நாள் தள்ளி வைங்க. ரிப்போர்ட்ல ஒரு சந்தேகம்."

"யாரு ரிப்போர்ட்ல?"

"என் ரிப்போர்ட்லதான்."

"கையெழுத்துப் போட்டது நீதானப்பா? ஒரே விசயத்துக்கு ரெண்டு கையெழுத்துப் போடுதவன நாளைக்கு எவன் நம்புவான்? திங்கக்கெழம பத்து மணிக்கு ஸ்டேஷன். அதுக்குள்ள ஏதாவது இருந்தா எழுத்துல கொண்டா. வாயில கொண்டு வராத."

வைத்துவிட்டார்.

14 மே, ஞாயிறு

காலை 11.20. எழுதக் கை பரபரக்கிறது. ஒழுங்காக எழுதுகிறேன்.

எடை மாறாமல் நிற்கும்வரை சூடாக்க வேண்டும். சூடாக்கி, ஆற வைத்து, நிறுத்து, மறுபடி சூடாக்கி, மறுபடி நிறுக்க வேண்டும். 2.604 வந்தது. பிறகு 2.593. பிறகு 2.591. பிறகும் 2.591. தராசின் கடைசி இலக்கம் அசையாமல் நின்றது. இனி போவதற்கு ஒன்றும் இல்லை.

5 கிராமில் நீரற்ற உப்பு 2.591. மூட்டை 47.12 கிலோ. ஆக, அந்த மூட்டையில் உள்ள நீரற்ற உப்பு 24.42 கிலோ.

மார்ச்சில் தைத்தபோது 50 கிலோவில் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்? 50 பெருக்கல் 120.37, வகுத்தல் 246.48. பதில் 24.42.

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். பிறகு உட்கார்ந்து, நேற்றே இதே மாதிரி கொட்டிக் கலந்து, கூடவே சூடாக்கி வைத்திருந்த மற்ற இரண்டு மூட்டைகளின் மாதிரிக் கணக்கையும் போட்டேன். நடு வரிசை மூட்டை 48.36 கிலோ: நீரற்ற உப்பு 24.41. அடி வரிசை 49.80 கிலோ: 24.42.

மூன்று மூட்டை, மூன்று எடை, உள்ளே ஒரே எண். ஒரு பிடி உப்பைக்கூட யாரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இந்த எண் குறைந்திருக்கும். குறைந்தது தண்ணீர் மட்டும். மேல் வரிசை மூட்டையில் ஏழு இப்போது 6.2 ஆகியிருக்கிறது.

536 லிட்டர். இரண்டரை டிரம்முக்கு மேல். நாற்பத்தைந்து நாளாக, நாங்கள் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோதே, அவ்வளவு தண்ணீரும் சாக்கின் நூல் இடுக்கு வழியாக எழுந்து காற்றில் போயிருக்கிறது. தரை நனையவில்லை. சத்தமில்லை, வாசனை இல்லை. பூட்டு பூட்டியபடியே இருந்திருக்கிறது. தையல் பிரியவில்லை. அது போவதைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் நான், சட்டையில் அப்பிய மாவாக. அதையும் தட்டிவிட்டேன்.

போனது இருக்கட்டும். இன்னும் இருப்பதைக் கணக்குப் போட்டால் தலை சுற்றுகிறது. தைத்த அன்று அந்த 412 மூட்டைக்குள் இருந்த தண்ணீர் பத்தாயிரத்து ஐந்நூறு லிட்டர். எங்கள் தெருவுக்கு நாலு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணி லாரிக்கு நாங்கள் குடத்தை வரிசை கட்டுகிறோம். கிட்டத்தட்ட அந்த லாரி நிறையத் தண்ணீரைச் சாக்கில் கட்டி ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி, உலர்ந்த சரக்கு என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கிறோம். எத்தனை இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது இந்த உப்பு! எத்தனை அமைதியாக விட்டுவிடுகிறது! விட்ட பிறகும் தன் பங்கு 24.42 ஐ ஒரு கிராம் கூட்டாமல் குறைக்காமல் வைத்திருக்கிறது. ஆறு வருடம் வேதியியல் படித்தேன். இன்றுதான் அதற்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன்.

பகல் 1.30. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். உள்ளே பிளாஸ்டிக் பை வேண்டாம் என்று மார்ச்சில் சொன்னது நான். சகாயராணி அக்கா ஸ்டோர் சீட்டில் 550 பை கேட்டிருந்தார். நான் அதன் மேல் எழுதியது இன்னும் கோப்பில் இருக்கிறது: "தேவையில்லை. இந்த உப்பு ஈரம் இழுக்காது." சரிதான், இழுக்காது. தண்ணீர் உள்ளே வருவதைத்தான் யோசித்தேன். வெளியே போவதை யோசிக்கவில்லை.

மாலை 7.00. சகாயராணி அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். முத்தையாபுரம் தாண்டி, சர்ச்சுக்குப் பின் தெரு. வாசலில் அவர் வீட்டுக்காரர் உட்கார்ந்து பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா கதவைப் பாதி திறந்து நின்றார்.

"உள்ள வாங்கன்னு சொல்ல மாட்டேன் சார். அங்கனயே நின்னு சொல்லுங்க."

சொன்னேன். 24.42, 24.41, 24.42. கொண்டுபோன தாளைக் காட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"அப்போ கொறஞ்சது என்னது?"

"தண்ணி."

"காஞ்சு போயிருக்கும்னு நான் அன்னைக்கே சொன்னம்லா?"

"அது... ஈரம் வேற யக்கா. இது படிகத்துக்குள்ள இருக்கிற தண்ணி."

"அது இப்ப எங்க?"

"காத்துல போயிட்டு."

"காத்துல போனா அதுக்குப் பேரு காயுறது இல்லியா சார்?"

வீட்டுக்காரர் குனிந்தபடியே சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"வந்ததுதான் வந்தீங்க, இவரு பாக்கெட்டையும் பிரிச்சுப் பாத்துட்டுப் போங்க. அதுக்கும் ஒரு ரிப்போர்ட்டு எழுதணும்லா?"

குனிந்து பார்த்தேன். மண்புழு உரம். கருகருவென்று இருந்தது. எப்சம் உப்பு பனி மாதிரி வெள்ளை. ஐந்து நாளில் இதை ஒரு தடவை வந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

"மன்னிச்சுக்கோங்க யக்கா. நான் எழுதினது தப்பு. கணக்கு இப்ப சரியா இருக்கு. நீங்க எடுக்கலன்னு இதுல..."

"இந்தக் கணக்கு எனக்கு எதுக்கு சார்?" குரல் உயரவில்லை. "நான் எடுக்கலங்கது எனக்குத் தெரியும். இவருக்குத் தெரியும். கேட்டுல நின்னு பாத்தாங்களே அறுபது பேரு, அவங்களுக்குத்தான் தெரியாது. என்கிட்ட வந்து என்னத்துக்குச் சொல்லுதீங்க?"

கதவு சாத்திக்கொண்டது. வீட்டுக்காரர் எழுந்து, "பஸ்சு ஏழரைக்குத்தான் தம்பி, ஆனா ஷேர் ஆட்டோ இருக்கு, முக்குல நில்லுங்க" என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

நாளை செய்ய வேண்டியவை:

1. காலை 8.00: பழைய ரிப்போர்ட்டில் குறுக்கே கோடு போட்டு, "தவறு" என்று எழுதி, கையெழுத்து. இரண்டாவது கையெழுத்தை எவன் நம்புவான் என்பது பிறகு.

2. புது ரிப்போர்ட். மூன்று மூட்டைக் கணக்கும் முழுசாக. மாதிரியை நடுவிலிருந்து மட்டும் எடுத்தது என் பிழை என்றும், பிளாஸ்டிக் பை வேண்டாம் என்றது என் முடிவு என்றும் அதில் இருக்க வேண்டும். "அகற்றப்பட்டது" மாதிரி நான் பார்க்காத எதையும் எழுதக் கூடாது.

3. காலை 9.15க்குள் அது அண்ணாச்சி கையில். எழுத்தில் கேட்டார், எழுத்தில் கொடுக்க வேண்டும். வாங்க மாட்டேன் என்றால் ஸ்டேஷனுக்கு நானும் அவர் கூடவே போய் அங்கே கொடுக்க வேண்டும்.

4. கோயம்புத்தூருக்குப் பதில்: உங்கள் 102.6 சரி. தண்ணீர் குறைந்ததால் ஒரு கிலோவில் உப்பின் பங்கு கூடியிருக்கிறது. உப்பு முழுசாக வந்திருக்கிறது.

5. மீதி மூட்டைகளைப் பழைய குடோனுக்கு மாற்றச் சொல்ல வேண்டும்.

6. மதியம் 2.00. கேட். இரண்டு ஷிப்டும் இருக்கும்போது, வாட்ச்மேன் நாற்காலி மேல் ஏறி நின்றாவது, கடைசி ஆள் காதில் விழுகிற மாதிரி: "சகாயராணி அக்கா எடுக்கல. தப்பு என்னுது." முதலில் இதுதான். தண்ணீர்க் கணக்கு அதற்குப் பிறகு, யாராவது கேட்டால் மட்டும்.